சாம்பல் நிறச் சொற்கள்

சண்முகக்கனி எந்தப் பக்கத்தையும் மூன்று முறை படிப்பாள். முதல் முறை, என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க. இரண்டாம் முறை, எங்கே பிசகியிருக்கிறது என்று பார்க்க. மூன்றாம் முறை, முதல் இரண்டு முறையும் ஒழுங்காகத்தான் படித்தோமா என்ற சந்தேகத்தில். அந்தச் சந்தேகத்துக்குக் கூலி கிடையாது. பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு.

ஓவியக் கல்லூரியில் நீர்வண்ணம் படித்தவள் பிழை திருத்த வந்தது இப்படித்தான். படிப்பு முடிந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பியபோது, கடைச் சுவரில் பெயர் எழுதக்கூட ஆள் தேவைப்படவில்லை. தெரிந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வரையப் போனாள். போன இடத்தில், மாப்பிள்ளையின் அப்பா பெயரும் பெண்ணின் அப்பா பெயரும் இடம் மாறி நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து பூவை விட்டுவிட்டு எழுத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆய்வேடு, கோயில் மலர், போட்டித் தேர்வுக் கையேடு என்று வீட்டுக்கே வேலை வந்தது. பிறகு பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும் கருவிகள் வந்தன, வேலை வற்றிப்போனது. அதற்கும் பிறகு பட்டை வந்தது. வேலை திரும்பி வந்தது.

பட்டை என்பது தலையைச் சுற்றிக் கட்டுவது. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் மனதுக்குள் சொல்ல நினைப்பதை அது எழுத்தாக்கித் திரையில் காட்டும். முழுதாகப் பிடிக்காது. பத்துச் சொல்லில் இரண்டோ மூன்றோ பிடிபட்டால் அதிகம். பிடிபட்டவை கறுப்பில் வரும். மற்ற இடங்களில், மனிதர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்று கணித்து, இயந்திரம் சாம்பல் நிறத்தில் நிரப்பிவிடும். அப்படி நிரப்பிய பக்கத்தில் பிழை என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. அதனாலேயே பலருக்குச் சந்தேகம் வந்தது, மனிதக் கண் ஒன்று பார்த்தாக வேண்டும் என்று விதி போட்டார்கள். கனியைப் போன்ற ஒருத்தி படித்து, சீராக்கி, தன் பதிவு எண்ணைப் போட்டவுடன் பக்கம் முழுக்கக் கறுப்பாகிவிடும். அதற்குச் சான்றுப் படி என்று பெயர். வங்கியும் மருத்துவமனையும் பதிவாளர் அலுவலகமும் அதை அந்த மனிதர் தன் வாயால் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும்.

இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள் ரெஜினா. பள்ளித் தோழி. திருச்செந்தூர் சாலையில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் நோயாளிகளுக்குப் பட்டை கட்டிவிடுகிறவள்.

"ரெண்டு பேரும் ஒரே தொழில்தான்டி பாக்கோம்," என்பாள் அவள். "நான் நோயாளி தலையில கட்டுதேன். நீ வீட்டாளு தலையில கட்டுத."

கனி சிரிப்பாள். பிறகு அது வேடிக்கைதானா என்று வெகுநேரம் யோசிப்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெஜினா யாரையோ கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி, கையில் மஸ்கோத் அல்வாப் பொட்டலம். படி திருத்துகிறவர் யார் என்று நோயாளியின் வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ரெஜினாவுக்கு விதிகள் எல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி, காதில் விழும், அவ்வளவுதான்.

"இவுக வடிவு அத்தை. எங்க இல்லத்துல இருக்காகல்லா ஆவுடையப்பன் மாமா, அவுக வீட்டுக்காரி. உன்னை ஒரு தரம் பாத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்காக."

வடிவு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா அந்தப் பிள்ளை? கண்ணாடி போட்டு, நரைச்ச தலையா ஒரு ஆளு இருக்கும்னு நினைச்சேன்."

உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கசங்காமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. எழுத்துக்கூட்டுவது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"வடிவு, உன்னை நான் நிறையச் சிரமப்படுத்திவிட்டேன். இனியாவது நீ நிம்மதியாக இரு. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். என்னை நினைத்துக் கலங்காதே."

கனிக்கு அந்தப் பக்கம் நன்றாக நினைவிருந்தது. உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று இல்லத்தில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில். இயந்திரம் பெயரைக் கடைசியில் தள்ளியிருந்தது, அவள்தான் முன்னால் கொண்டுவந்தாள். 'கவலைப்படாதே' என்று சப்பென்று இருந்ததைக் 'கலங்காதே' ஆக்கினாள். அனுப்பிய பிறகு ஒருநாள் முழுக்க அவளுக்கு மனம் லேசாக இருந்தது. தன் கையால் ஒன்று நன்றாக அமைந்துவிட்டதென்று அவள் நம்பிய அபூர்வமான பக்கம் அது.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்பிடி ஒரு வார்த்தை அந்த மனுசன் வாயில வந்ததில்ல," என்றாள் வடிவு. "ஏட்டி காப்பி, ஏட்டி துண்டு எங்க, இவ்வளவுதான் பேச்சு. பேச்சு போன பொறவுதான் பேசத் தெரிஞ்சிருக்கு."

ரெஜினா சிரித்துவிட்டாள். வடிவும் சிரித்தாள். கண் மட்டும் நனைந்திருந்தது.

"மகன் ஷார்ஜாவுல இருக்கான். அப்பாவை அங்கேயே நிரந்தரமாச் சேத்துட்டு நீ இங்க வந்துருன்னு ஒரே பிடியா நின்னான். எனக்கு மனசு வரல. இந்தப் பேப்பர் வந்த பொறவுதான் சரின்னேன். அவுகளே சொல்லிட்டாகல்லா. திங்கக்கிழமை கையெழுத்து. வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பாத்தாச்சு."

தாளை உறைக்குள் தள்ளியபடி, ஏதோ சில்லறை விஷயம் போல, "ஒண்ணுதான் புரியல பிள்ளே," என்றாள். "சாயந்தரம் போனா இதை அவுகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன். சந்தோசப்படுவாகன்னுதான். அவுக நல்ல கையால கட்டில் கம்பியப் போட்டு அடிக்காக. மூஞ்சியத் திருப்பிக்கிடுதாக. என்னன்னு கேட்டா, ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே மாதிரி தலைய ஆட்டுதாக. வெக்கமா இருக்குமோ?"

"கூச்சம்தான் அத்தை," என்றாள் ரெஜினா. "ஆம்பளையளுக்கு வயசானாத்தான் அதெல்லாம் வரும்."

கனியின் கையிலிருந்த அல்வாத் துண்டு அப்படியே இருந்தது.

அவர்கள் போன பிறகு அவள் கணினியைத் திறந்து மூலத்தைத் தேடி எடுத்தாள். இயந்திரம் நிரப்புவதற்கு முன், பட்டையில் பிடிபட்டது மட்டும் இருக்கும் பக்கம். அதைத் திருத்துநர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதோடு சரி. பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், அங்கங்கே ஒரு சொல்.

வடிவு. மாடிக்கதவு. நீ. மாடிக்கதவு. இங்கே. மாடிக்கதவு. மாடிக்கதவு.

நினைவு வந்தது. அதை வெட்டியவள் அவள்தான். அடிபட்ட மூளை சில சமயம் ஒரே சொல்லில் மாட்டிக்கொள்ளும், எதைக் கேட்டாலும் அதுவே வரும், அது பேச்சல்ல, நீக்கிவிடுக என்று கையேட்டில் தெளிவாக இருந்தது. திரும்பத் திரும்ப வருவதை நீக்குவது எந்தத் திருத்துநருக்கும் கையில் ஊறிய பழக்கம். அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கிப் போட்டிருந்தாள். பொறுக்கியது போக மிஞ்சியவை மூன்றே சொற்கள். சிரமம், நிம்மதி, கலக்கம், எதுவும் அவருடையதில்லை. இயந்திரம் கணித்தது, அவள் மெருகேற்றியது.

நீர்வண்ணத்தில் வெள்ளைக்கென்று சாயம் எடுப்பதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட வேண்டும். முதலாண்டில் கனிக்கு வராமலே போனது அதுதான். வெறும் தாளைக் கண்டால் தூரிகை தானாகப் போய்விடும். மேகம், கொக்கு, வேட்டி, எல்லாம் லேசான ஒரு நீலத்தில் மூழ்கிவிடும். படம் அழகாகத்தான் இருக்கும். பார்த்து வரைந்த பொருள் அதில் இருக்காது.

ஆனால் கையேடு சொல்வது சரியாகவும் இருக்கலாமே. அது மாட்டிக்கொண்ட சொல்லாகவே இருக்கலாம். கம்பியில் அடிப்பது வேறு எதற்காகவோ இருக்கலாம். சொன்னால் தன் எண்ணை முடக்குவார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை. அதைப் போய் எப்படிப் பிடுங்குவது? சொல்லாமல் விட்டால், திங்கட்கிழமை தான் எழுதிய வாக்கியத்தை நம்பி இரண்டு பேர் பிரிந்துவிடுவார்கள்.

ரெஜினாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏட்டி, அதெல்லாம் எல்லாருக்கும் வாறதுதான்," என்றாள் ரெஜினா. "மூணாம் நம்பர்ல சுப்பையா தாத்தா எதுக்கெடுத்தாலும் சோப்பு சோப்புங்காரு. அதுக்காகச் சோப்பத் தூக்கிக் குடுத்துருவியா?"

"யாராவது கொடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல," என்றாள் ரெஜினா.

மறுநாள் பார்வை நேரத்துக்குக் கனி இல்லத்துக்குப் போனாள். வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் வடிவு உட்கார்ந்திருந்தாள், மடியில் சாப்பாட்டுப் பாத்திரம். கனியைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். கனி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயந்தாள்.

"அத்தை, அந்தப் பேப்பர்ல இருக்கறது மாமா சொன்னது இல்ல."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு சொல்லு அவங்களோடது. வடிவு, நீ, இங்கே. மத்தது மிஷின் போட்டது. நான் அதைச் சரியின்னு கையெழுத்துப் போட்ட மாதிரி எண் போட்டுட்டேன்."

"சிரமப்படுத்திட்டேன்னு இருக்கே?"

"மிஷின்."

"கலங்காதேன்னு?"

"அது நான் போட்டது."

வடிவு பாத்திரத்தின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். கோபப்படுவாள் என்று கனி காத்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. யாரோ வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

"நல்லாத்தான் போட்டிருக்க," என்றாள் கடைசியில். "அவுகளுக்குத் தெரியாத வார்த்தைன்னு எனக்கே தோணியிருக்கணும்."

"நான் வெட்டினது ஒண்ணு இருக்கு அத்தை. அர்த்தம் இல்லாம மாட்டிக்கிட்ட சொல்லுன்னு நினைச்சேன். திரும்பத் திரும்ப மாடிக்கதவுன்னு வந்துச்சு."

வடிவின் கை பாத்திரத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"என்ன கதவு?"

"மாடிக்கதவு."

"கூறுகெட்ட மனுசன்," என்றாள் வடிவு. "மின்வாரியத்துல மீட்டர் கணக்கெடுக்குற வேலை பாத்தாகல்லா. எவன் வீட்டு மாடிக்கதவு எப்படித் திறந்து கிடக்குன்னு ஊரெல்லாம் பாத்துட்டு வந்து, நம்ம வீட்டுல படுக்கப் போகுமுன்ன தினமும் கேப்பாக. மாடிக்கதவு பூட்டினியா. பூட்டியாச்சு, படுங்கன்னு சொன்னாத்தான் கண்ண மூடுவாக. நான் பதில் சொல்லாம விளையாட்டுக் காட்டுனா எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டு வருவாக." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "இங்க வந்த நாள்ல இருந்து ஒரு பதிலும் கிடைக்காம கிடந்திருக்காக. நானும் தினமும் போயி, நிம்மதியா இரு, நிம்மதியா இருன்னு வாசிச்சிருக்கேன்."

சாம்பல் எழுத்து இல்லாமல் ஒரு தரம் பார்க்கலாம் என்று கனி கேட்டதற்கு, ரெஜினா முணுமுணுத்துக்கொண்டேதான் பட்டையை எடுத்து வந்தாள்.

"நிரப்புறதை அணைச்சு வைக்கணும்னா மேல கேக்கணும். உனக்காகச் செய்யுதேன். இன்னொண்ணு, சுப்பையா தாத்தாவுக்குச் சோப்பு குடுத்தேன். தூக்கி எறிஞ்சுட்டாரு. எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்குன்னு கிளம்பிராத."

"சரி," என்றாள் கனி. அதுவும் நியாயமாகவே பட்டது.

ஆவுடையப்பன் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். பெரிய உடம்பு, ஒரு பக்கம் தளர்ந்து போயிருந்தது. வடிவைக் கண்டதும், அவள் கையில் தாள் இருக்கிறதா என்று பார்த்தார். ரெஜினா பட்டையைக் கட்டினாள். சாம்பல் எழுத்து இல்லாத திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. கனிக்கு அதைப் பார்க்கவே என்னவோ போலிருந்தது, கை தன்னையறியாமல் எதையாவது தட்டத் தேடியது. கையைக் கட்டிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துக் கறுப்பாய் ஒரு சொல் விழுந்தது. மாடிக்கதவு.

வடிவு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பூட்டியாச்சு," என்றாள். "கொண்டியும் போட்டாச்சு. தினமும் போடுதேன். நீங்க இல்லைன்னா நான் மறந்துருவேனாக்கும்."

கம்பியைப் பற்றியிருந்த அவருடைய கை மெல்லத் தளர்ந்தது. தோள் இறங்கியது. அத்தனை மாதமாய்ப் பிடித்து வைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே போனது. திரை மறுபடி வெறுமையாகி, அப்படியே இருந்தது. மாட்டிக்கொண்ட சொல் திரும்ப வரவில்லை.

ரெஜினாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "அத்தை, கையோட கேட்டுருங்க. வீட்டுக்கு வாறீகளா, இங்கேயே இருக்கீகளான்னு. என்ன வருதோ அதை அப்படியே கனி சான்றுப் படியாப் போட்டுருவா. மகனுக்கும் காட்டலாம்."

வடிவு மறுத்துத் தலையசைத்தாள். "கேக்க மாட்டேன்."

"ஏன் அத்தை?"

"இவ்வளவு நாளும் அவுக மனசுல என்ன இருக்குன்னுதானே எல்லாரும் பாத்தீங்க. பட்டையக் கட்டுனீங்க. படி எடுத்தீங்க, திருத்துனீங்க. எம்மனசுல என்ன இருக்குன்னு எவனாவது கேட்டானா? நானே கேட்டுக்கிடல. அவுக போன்னு சொல்லிட்டாக, போறேன்னு மூட்டையக் கட்டிட்டேன்." அவள் கணவனின் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இங்க பாருங்க. நான் ஷார்ஜாவுக்குப் போகல. உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் கூட்டிட்டுப் போறேன். எனக்கு அந்த வீட்டுல தனியா இருக்க முடியல. தூக்கி எடுக்கக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆள் வச்சுக்கிடுதேன். ஆத்தமாட்டாம ஏசவும் செய்வேன். நீங்களும் பதிலுக்கு ஏசிக்கிடுங்க, உள்ளுக்குள்ளயே."

ஆவுடையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனி கையை நீட்டினாள். "அத்தை, அந்தப் பேப்பரைக் கொடுங்க. தப்பாப் போட்டேன்னு எழுதிக் கொடுத்து ரத்து பண்ணிருதேன்."

"ஆபீசுக்கு என்ன வேணா எழுதிக்கோ. பேப்பரைத் தர மாட்டேன்."

"அது பொய் அத்தை."

"அவுக சொன்னதுன்னு வச்சாத்தான் பொய். யாரோ எவளோ ஒரு பிள்ளை, முகம்கூடப் பாக்காம, எனக்கு இவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கில்லா? உனக்கு அப்பிடித் தோணித்தானே கலங்காதேன்னு போட்ட?"

கனி யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு அந்தச் சொல்லைப் போட்டபோது, பெயர் மட்டும் தெரிந்த ஒரு பெண் தாளைப் படித்துவிட்டு அழுவாளே என்றுதான் நினைத்தாள்.

"ஆமா," என்றாள்.

"அப்போ அது நீ சொன்னது. நான் வச்சுக்கிடுதேன்."

அப்போது திரையில் அசைவு தெரிந்தது. ஒரு சொல் விழுந்து, சற்று இடம் விட்டு இன்னொன்று உருவாகிக்கொண்டிருந்தது. "வருதுடி," என்று ரெஜினா கனியின் தோளைத் தட்டினாள். "படி, படி."

கனி படிக்கவில்லை. குனிந்து, தரையைப் பார்த்தபடியே திரையின் தண்டைப் பிடித்துத் திருப்பி, வடிவின் முகத்துக்கு நேராக நிறுத்தினாள். ரெஜினாவின் முழங்கையைப் பற்றி வெளியே இழுத்து வந்து கதவைச் சாத்தினாள்.

"என்ன வந்துச்சு?" என்றாள் ரெஜினா.

"பாக்கல."

"அதானே உன் வேலை."

"அது அவங்க ரெண்டு பேருக்கு."

உள்ளே வடிவு சிரிப்பது கேட்டது. "இதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல," என்றாள் யாரிடமோ சண்டைக்குப் போவது போல. பிறகு அவள் குரல் தணிந்து, சொற்கள் பிரிந்து கேட்காமல் போயின.

கனி வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாளைக்கு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அதற்குப் பிறகு, இதுவரை எண் போட்டு அனுப்பிய பக்கங்களை எல்லாம் மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் எண்ணைப் பறித்துவிடுவார்களோ என்னவோ. பறித்தாலும் மூலங்கள் அவள் கணினியில்தான் இருந்தன.

"ரெஜினா," என்றாள். "சக்கர நாற்காலியோட ஏத்துற வேன் யார்ட்ட இருக்கு?"

"எதுக்குடி, இன்னிக்கேவா? ஞாயித்துக்கிழமை எவன் வருவான்?"

"கேட்டுப் பாரு."

ரெஜினா தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.